நம்பர் இல்லாத ரிக்கார்டு

காகிதம் எரியும், துணி எரியும், அரக்கு உருகி ஓடிவிடும். சாவி எரியாது. இந்த ஞானம் எனக்கு இருபத்து மூன்றாம் வயதில், ஒரு சாம்பல் குழியின் ஓரத்தில் குந்தியிருந்தபோது வந்தது. அதற்கு நாற்பது வருஷம் கழித்து, அறுபது தாண்டிய கிழவனை எதற்காகவோ இன்னும் வைத்துக்கொண்டிருந்த ஒரு கம்பெனியில், கணினிக்கு நிரல் எழுதும் பிள்ளைகளோடு தினமும் நான் சண்டை போட்டதும் அந்தச் சாவியால்தான்.

சண்டை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். நிரல் ஓடும்போது கணினியின் நினைவகத்தில் பல பொருள்களை உண்டாக்கிக்கொண்டே போகும். பழைய மொழிகளில், உண்டாக்கியவனே வேலை முடிந்ததும் அதை அழித்து இடத்தைக் காலி செய்ய வேண்டும். புதிதாக வந்த மொழியில் அந்தத் தொல்லை இல்லை. அதற்குள்ளேயே ஒரு துப்புரவுக்காரன் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் வேலையிலிருந்து கிளம்பி, அது எதையெல்லாம் பிடித்திருக்கிறது, அந்தப் பொருள் வேறு எதைப் பிடித்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டே போவான். அப்படிப் போய்ச் சேர முடியாத பொருள் எதுவானாலும் குப்பை, கூட்டித் தள்ளிவிடுவான். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். ஒரு கோப்பைத் திறப்பார்கள், ஒரு பூட்டைப் போடுவார்கள், அப்படியே விட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். "அதான் ஆள் இருக்கானே, கூட்டிருவான் சார்" என்பார்கள். கூட்டுவான். இடத்தைக் கூட்டுவான். பூட்டைத் திறந்துவிட்டுக் கூட்டுவானா? கூட்டுவதற்கு முன் செய்ய வேண்டிய கடைசிக் காரியம் இது என்று எழுதி வைக்க வசதி உண்டு. அதை அவன் எப்போது செய்வான், செய்வானா மாட்டானா என்பதற்கே உத்தரவாதம் கிடையாது. திறந்தவன் கையாலேயே மூடு, பூட்டியவன் கையாலேயே திற என்று நான் கத்துவேன். கிழவருக்குப் பிடிவாதம் என்று தங்களுக்குள் சிரித்துக்கொள்வார்கள்.

சிரிக்கட்டும். நான் ஒரு காலத்தில் அந்தத் துப்புரவுக்காரனாகவே இருந்தவன். அது அவர்களுக்குத் தெரியாது, நானும் சொன்னதில்லை.

நாஞ்சில் நாட்டில் ஒரு கோர்ட்டின் ரிக்கார்டு அறையில் நான் குமாஸ்தாவாக இருந்தேன். வருஷம் 1956. முடிந்துபோன வழக்குகளின் கட்டுகளைத் தரையிலிருந்து உத்தரம் வரை மரத்தட்டுகளில் அடுக்கி வைத்த நீளமான அறை அது. வராந்தாப் பக்கம் கம்பி போட்ட ஒரு ஜன்னல். அந்த ஜன்னலோரம் ஒரு மேஜை, ஒரு நாற்காலி, நான். அப்பா எனக்கு விவரம் தெரிவதற்கு முன்பே போய்விட்டார். அம்மா போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கூடப்பிறந்தவர்கள் இல்லை. வடசேரியில் ஒரு மாடி அறையில் குடியிருந்தேன், ஓட்டலில் சாப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமலே பொழுது போய்விடும். திங்கட்கிழமை காலையில் பேச வாயைத் திறந்தால் தொண்டை கரகரக்கும்.

அந்தக் கட்டிடத்தில் என் பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. "ரிக்கார்டு வந்தாச்சா?" "ரிக்கார்டைக் கூப்பிடு." "ரிக்கார்டுக்கு ஒரு சாயா." முன்சீப்பிலிருந்து பியூன் வரை அப்படித்தான். முதல் ஆறு மாதம் கோபம் வந்தது. அப்புறம் நானே தபால்காரனிடம் என் பெயரைச் சொல்லாமல் ரிக்கார்டு என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். தபால் ஒன்றும் வரவில்லை, அது வேறு விஷயம்.

அந்த வருஷம் நவம்பரில் எங்கள் தாலுகாக்கள் திருவிதாங்கூர்–கொச்சியை விட்டு மதராஸ் ராஜ்யத்தோடு சேரப்போகின்றன என்று முடிவாகியிருந்தது. அதற்குள் பழைய கட்டுகளைத் தரம் பிரித்து, வேண்டாததைக் கழித்துவிட வேண்டும் என்று உத்தரவு. எது வேண்டும், எது வேண்டாம் என்று பார்க்க ஒரே ஒரு வழிதான். இப்போது நடக்கிற வழக்குகளின் கட்டை எடுத்து, அதில் எந்தப் பழைய வழக்கின் நம்பர் சொல்லியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். அந்தப் பழைய கட்டை எடுத்தால் அதில் இன்னொரு நம்பர் இருக்கும். இப்படியே தொட்டுத் தொட்டுப் போய், தொட்டதிலெல்லாம் 'இருப்பு' என்று சீட்டு வைப்பேன். யாரும் தொடாத கட்டுக்கு 'கழிவு' என்று சீட்டு. எனக்கு முன்னால் இருந்தவர், ஒரு கட்டை வேறு எந்தக் கட்டாவது சொல்கிறதா என்று மட்டும் எண்ணிப் பார்ப்பாராம். அதனால் ஒரு வரப்புச் சண்டையும் அதன் எதிர்ச் சண்டையும், இதில் அதன் நம்பர், அதில் இதன் நம்பர் என்று ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொண்டு இருபது வருஷமாகத் தட்டை அடைத்துக்கொண்டிருந்தன. உலகத்தில் வேறு ஒருவரும் அவற்றைத் தேடவில்லை. இரண்டையும் கழிவில் போடும்போது எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

மூன்றாவதாக ஒரு சீட்டும் உண்டு. 'ஒழிவு'. வழக்கு செத்துவிட்டது, யாரும் தொடவில்லை, கழிவில் போட வேண்டியதுதான், ஆனால் உள்ளே திருப்பிக் கொடுக்க வேண்டிய பொருள் ஏதோ இருக்கிறது என்றால், அதற்கு ஒழிவுச் சீட்டு வைத்துத் தனித்தட்டில் எடுத்து வைப்போம். எங்கள் கோர்ட்டில் எழுத்தெல்லாம் மலையாளம்; சீட்டை மட்டும் தமிழ் எழுத்தில் எழுதுவோம், சொல் மலையாளச் சொல்தான். மலையாளத்தில் ஒழிவாக்குவது என்றால் விலக்கு அளிப்பது. ஒழிவு என்றால் இதில் கை வைக்காதே என்று அர்த்தம். அந்த அறையில் வேலை பார்த்த யாருக்கும் இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்ததில்லை.

ஜூன் மாதம் முதல் திங்கட்கிழமை, மதியம் மூன்று மணி இருக்கும். ஜன்னலுக்கு வெளியே ஒரு பெண்குரல் கேட்டது.

"ரிக்கார்டு இருக்காவளா?"

பியூன் அப்படிச் சொல்லி அனுப்பியிருக்கிறான். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும், வெள்ளைச் சேலை, கையில் ஒரு துணிப்பை.

"நான்தான். என்ன வேணும்?"

"எனக்க வீட்டுச் சாவி உங்கக்கிட்டயாக்கும் இருக்கு சாரே."

விஷயம் இதுதான். அந்த அம்மாவின் கணவருக்கும் அவருடைய அண்ணனுக்கும் வீட்டைப் பாகம் வைப்பதில் தகராறு. வழக்கு நடந்தபோது, நடு அறையில் இருக்கிற சாமான்கள் யாருக்கென்று முடிவாகும்வரை அதை யாரும் தொடக்கூடாது என்று கோர்ட்டு அமீன் வந்து அறையைப் பூட்டி, பூட்டின்மேல் அரக்கு வைத்து, சாவியைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். மறு வருஷம் கணவர் காய்ச்சலில் போய்விட்டார். அண்ணன் கீரிப்பாறைப் பக்கம் மலையில் வேலைக்குப் போய், அங்கேயே கண்ணை மூடிவிட்டார். வழக்கு நடத்த ஆளில்லாமல் தள்ளுபடி ஆகி, கட்டு எங்கள் அறைக்கு வந்துவிட்டது. அரக்கை எடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. வீட்டில் இருப்பது அந்த அறையும் ஒரு அடுக்களையும்தான். ஏழு வருஷமாக அந்த அம்மா அடுக்களைத் தரையில் படுத்துக்கொண்டிருந்தார். உடைத்துத் திறக்கலாமே என்று கேட்டேன். "அரக்கைத் தொட்டா செயிலுன்னு அமீன் சொல்லிட்டுல்லா போனாரு" என்றார். ஒரு குமாஸ்தா என்றைக்கோ 'மாசம் முதல் திங்கக்கிழமை வந்து பாரும்' என்று சொல்லியிருக்கிறார். அவர் ரிட்டையர் ஆகிப் போய்விட்டார். இவர் வந்துகொண்டிருந்தார்; இத்தனை நாளும் பியூன் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்கிறான், அன்றைக்குத்தான் என் ஜன்னலைக் காட்டியிருக்கிறான்.

"கேஸ் நம்பர் சொல்லுங்க" என்றேன்.

"நம்பர் எழுதின கடுதாசி அந்த அறைக்குள்ளயாக்கும் கெடக்கு."

நான் சிரித்துவிட்டேன். சாவி கட்டுக்குள்ளே, கட்டின் நம்பர் பூட்டிய அறைக்குள்ளே. சிரித்திருக்கக் கூடாது. ஆனால் அவரும் சிரித்தார், வாயைச் சேலையால் மூடிக்கொண்டு, நன்றாகவே சிரித்தார். நம்பர் இல்லாவிட்டால் ஆயிரக்கணக்கான கட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும். எப்படியும் தரம் பிரிக்கிற வேலை நடக்கிறது, தேடிப் பார்க்கிறேன், அடுத்த மாதம் வாருங்கள் என்றேன். கிளம்பும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார்.

"சாப்பிட்டியா மக்கா?"

"சாப்பிட்டேன்" என்று பொய் சொன்னேன். இரண்டு வருஷத்தில் அந்தக் கேள்வியை என்னிடம் கேட்ட முதல் ஆள் அவர்.

ஜூலையிலும் வந்தார், ஆகஸ்டிலும் வந்தார். ஆகஸ்டுக்குள் நான் முதல் திங்கட்கிழமைகளில் சலவைச் சட்டை போட்டுக்கொள்ள ஆரம்பித்திருந்தேன். அவர் ஜன்னலில் நிற்பது கால் மணி நேரம்கூட இருக்காது. வயலில் நாற்று எப்படி, பஸ் எங்கே நின்றுபோனது, பக்கத்து வீட்டுப் பசு எப்படிக் கொல்லைக்குள் வந்து வாழையைத் தின்றது, இதுதான் பேச்சு. பூட்டிய அறையில் என்னென்ன இருக்கிறது என்று சொல்வார். கட்டில். தலையணை. கல்யாணத்துக்குக் கொடுத்த வெண்கலப் பானை.

"அறை தெறக்கட்டும். அந்தப் பானையில உனக்கு ஒரு நாளு உளுந்தஞ்சோறு பொங்கித் தாறேன். நான் வச்சிருக்க மண்சட்டியில அது சரிவராது. உன்னப் பாத்தா ஓட்டல்ல திங்குற ஆளு மாதிரில்லா இருக்கு."

பொய் சொன்னது அன்றைக்கே தெரிந்துவிட்டிருக்கிறது.

செப்டம்பர் நடுவில் கட்டு கிடைத்தது. அதை எந்தக் கட்டும் தொடவில்லை, கழிவுச் சீட்டு வைக்கப் போனபோது உள்ளே ஏதோ தடித்தது. கடைசித் தாளோடு சேர்த்துத் தைத்த சிறிய துணிப்பை, அதன் வாயில் அரக்கு, உள்ளே சாவி. நான் குதித்தேன் என்றே சொல்லலாம். இனிச் செய்ய வேண்டியது, சாவியைத் திருப்பிக் கொடுக்கலாமா என்று முன்சீப்புக்கு அரைப் பக்கம் எழுதி வைப்பது. ஒரு வாரத்தில் உத்தரவு வரும், அமீன் போய்த் திறந்துவிடுவார். பேனாவை எடுத்தேன். மையில் தோய்த்தேன். அப்போதுதான் எனக்கு அது தோன்றியது. அறை திறந்துவிட்டால் அந்த அம்மா இங்கே எதற்கு வரப்போகிறார்?

பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், அன்றைக்கு அது தப்பு என்றே எனக்குத் தோன்றவில்லை. ஏழு வருஷம் பொறுத்தவர், ஒரு மாதம் பொறுக்கமாட்டாரா என்று நினைத்தேன். ஒரே ஒரு மாதம். கட்டின் மேல் 'ஒழிவு' என்று அழகாகச் சீட்டு எழுதி, தனித்தட்டில் பத்திரமாக வைத்தேன். அக்டோபரில் அவர் வந்தபோது, இன்னும் கிடைக்கவில்லை, அடுத்த மாதம் பார்க்கலாம் என்றேன். கண்ணைப் பார்த்துச் சொன்னேன். என்னால் அது முடிந்தது என்பதுதான் இப்போதும் எனக்கு நம்ப முடியாமல் இருக்கிறது. போகும்போது சாப்பிட்டியா மக்கா என்று கேட்டார்.

நவம்பர் வந்தது. நாடு மாறியது. மலையாளம் எழுதின மூத்த குமாஸ்தாக்களும் அந்தப் பியூனும் திருவனந்தபுரத்துப் பக்கமே வேலை வேண்டும் என்று எழுதிக் கொடுத்துப் போய்விட்டார்கள். திருநெல்வேலியிலிருந்து தலைமைக் குமாஸ்தாவாக ஒரு புது சிரஸ்தாரும், என் வயதில் ஒரு குமாஸ்தாவும் வந்தார்கள். நல்ல மனிதர்கள். கிழக்கிலிருந்து வந்தவர்களுக்கு ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற பழக்கம். என் பெயரை அவர்கள் சொல்லும்போது வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பேன். அந்த மாதம் முதல் திங்களும் அந்த அம்மா வந்தார். எல்லாரும் அரக்கப்பரக்க ஓடிக்கொண்டிருந்த நாள் அது. புது ஆட்கள் வந்திருக்கிறார்கள், அடுத்த மாதம் கட்டாயம் முடித்துத் தருகிறேன் என்றேன். இந்தத் தடவை கொஞ்சம் உண்மையாகவே சொன்னேன்.

அடுத்த வாரம் எனக்குக் காய்ச்சல் வந்தது. நான்கு நாள் மாடி அறையில் கிடந்தேன். கீழ்வீட்டுக்காரர்கள் இரண்டு தடவை கஞ்சித் தண்ணீர் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். கோர்ட்டிலிருந்து ஒருவரும் வரவில்லை. மழை விட்டுவிட்டுப் பெய்தது. நான் இல்லை என்பதை யார் கவனித்திருப்பார்கள் என்று விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். ஒரு விரலுக்குத்தான் ஆள் கிடைத்தது, அந்த ஒருவரும் அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமை வரை வரமாட்டார். அன்றைக்குத்தான் முடிவு செய்தேன், எழுந்ததும் முதல் வேலை அந்த அரைப் பக்கத்தை எழுதி வைப்பது.

ஐந்தாம் நாள் போனேன். தனித்தட்டு துடைத்து வைத்தாற்போல் இருந்தது.

"இந்தத் தட்டுல இருந்த கட்டெல்லாம் எங்க?" என்று புதுக் குமாஸ்தாவிடம் கேட்டேன்.

அவர் முகமெல்லாம் மலர்ந்தது. "ரெண்டு நாள் மழை விட்டுச்சுல்லா சார். நீங்க மேலுக்கு முடியாமக் கெடக்கீங்களேன்னு நானே எல்லாத்தையும் எரிச்சு முடிச்சுட்டேன். கழிவுன்னு எழுதினது, ஒழிவுன்னு எழுதினது, ரெண்டையும். இருப்புல ஒண்ணக்கூடத் தொடல."

"ஒழிவையா?"

"ஒழிக்கணும்னுதான சார் எழுதியிருந்தீங்க?"

அவரை நான் என்ன சொல்ல முடியும்? அவர் படித்த தமிழில் அந்தச் சீட்டை வேறு எப்படிப் படிப்பது? கழித்தது ஒரு கட்டு, ஒழித்தது ஒரு கட்டு என்று நினைத்திருக்கிறார். என் கையெழுத்து வேறு மணிமணியாக இருந்தது. கொல்லைப்புறம் ஓடினேன். குழியில் சாம்பல் மழையில் நனைந்து களியாகிக் கிடந்தது. குந்தி உட்கார்ந்து இரண்டு கையாலும் அளைந்தேன். முதலில் ஒரு சாவி கிடைத்தது. அப்பாடா என்று எழுந்திருக்கப் போனேன். பக்கத்திலேயே இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. ஒழிவுத் தட்டில் எனக்கு முன்னால் இருந்தவர் வைத்த கட்டுகளும் இருந்தன என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. முழங்கை வரை கறுப்பாகிக் கடைசியில் எண்ணிப் பார்த்தேன். பதினோரு சாவிகள். எது எந்த வீட்டுச் சாவி என்று சொல்லும் காகிதம் ஒன்றுகூட இல்லை.

சிரஸ்தாரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன், செப்டம்பரில் கட்டு கிடைத்ததை மட்டும் விட்டுவிட்டு. அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"அந்தக் கட்டு இப்ப நம்மக்கிட்ட இருக்கா?"

"இல்ல சார்."

"கட்டு இல்லன்னா கேசு இல்ல. கேசு இல்லன்னா அரக்கு வச்சது யாரு? நாம இல்ல. நீரு லீவு போட்டுட்டுப் போய்த் திறந்து குடுத்துட்டு வாரும். நீரும் சொல்லல, நானும் கேக்கல."

ஏழு வருஷம் யாராலும் திறக்க முடியாத கதவுக்கு, காகிதம் எரிந்ததும் ஒரு நிமிஷத்தில் வழி பிறந்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மயிலாடி பஸ்ஸில் போய், அந்த அம்மா பேச்சுவாக்கில் சொல்லியிருந்த அடையாளப்படி மயிலாடிக்கு இரண்டு நிறுத்தம் முன்னால் இறங்கி, வரப்பில் நடந்தேன். தூரத்தில் கல் கொத்துகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அந்த அம்மா என்னைக் கண்டதும் பதறிப்போனார். உட்காரச் சொல்லிப் பலகையை எடுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. அந்தக் கதவைப் பார்த்தேன். பூட்டின் மேல் ஒரு துணி சுற்றிக் கட்டியிருந்தது. அரக்கு உதிர்ந்துபோனால் தன்மேல் பழி வந்துவிடுமே என்று ஏழு வருஷமாக அதைத் துணி கட்டிக் காப்பாற்றி வைத்திருக்கிறார். அதைப் பார்த்த பிறகு என்னால் எதையும் மறைக்க முடியவில்லை. தீயைப் பற்றிச் சொன்னேன், சீட்டைப் பற்றிச் சொன்னேன். பிறகு மற்றதையும் சொன்னேன்.

"எப்பம் கெடச்சுது?" என்றார்.

"ஆவணிக் கடைசியில."

"பொறட்டாசியிலயும் வந்தேன். ஐப்பசியிலயும் வந்தேன்."

"ஆமா."

"அப்பமெல்லாம் அது உன் கையில இருந்துது."

"இருந்துது. குடுத்துட்டா நீங்க வராமப் போயிருவீங்களேன்னு…"

அவர் திட்டியிருந்தால் தேவலை. என் கையிலிருந்த சாவிகளை வாங்கி, துணியை அவிழ்த்து, அரக்கை நகத்தால் சுரண்டி எடுத்து, ஒவ்வொரு சாவியாகப் போட்டுப் பார்த்தார். எட்டாவது திரும்பியது. கதவு திறந்ததும் மண் உதிர்ந்தது. கட்டிலின் இரண்டு காலைக் கறையான் தின்றிருந்தது, தலையணை இருந்த இடத்தில் ஒரு புற்று. வெண்கலப் பானை பச்சையாகக் களிம்பேறி மூலையில் இருந்தது. சுவரில் ஆணியில் குத்தியிருந்த காகிதம் மட்டும் நேற்று வைத்ததுபோல் இருந்தது. அதில் கேஸ் நம்பர் கொட்டை எழுத்தில் தெளிவாகத் தெரிந்தது.

வாசற்படியில் நின்றபடி மீதிப் பத்துச் சாவிகளை என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

"இதுக்கும் ஆளு இருக்கும்லா" என்றார். பிறகு உள்ளே போய் நின்றுகொண்டு, முதுகைக் காட்டியபடியே சொன்னார். "நீ போ மக்கா. பஸ்ஸு போயிரும்."

கதவைச் சாத்திக்கொண்டார்.

நான் போய்விட்டேன். அடுத்த முதல் திங்கட்கிழமை அந்த ஜன்னலோரம் உட்கார்ந்து, வராத ஆளுக்காக வராந்தாவைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது என்று தெரிந்தது. திருநெல்வேலிக்கு மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்தேன். அந்தச் சமயத்தில் யார் எதைக் கேட்டாலும் கிடைத்தது. நவம்பர் முடிவதற்குள் கிளம்பிவிட்டேன். போகும்போது புதுக் குமாஸ்தாவிடம் என் விலாசத்தை எழுதிக் கொடுத்து, "சாவி கேட்டு யாராவது வந்தா எனக்கு ஒரு கார்டு போடுங்க, மறந்துராதீங்க" என்று இரண்டு தடவை சொன்னேன். கார்டு வரவில்லை. திருநெல்வேலியிலிருந்து மதராஸ், அங்கே அட்டையில் துளை போடும் இயந்திரம், பிறகு கணினி என்று என் பிழைப்பு எங்கெங்கோ போனது. பத்துச் சாவிகளும் ஒரு பவுடர் டப்பாவில் கூடவே வந்தன. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்கவும் யாரும் இருக்கவில்லை.

பத்து வருஷத்துக்குப் பிறகு ஒரு நாள் எழும்பூர் ஸ்டேஷனில் அந்தக் குமாஸ்தாவைப் பார்த்தேன். உடம்பு போட்டிருந்தார், தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்க வந்தாராம். வண்டி கிளம்ப நேரம் இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்து பழைய கதையெல்லாம் பேசினோம். சாவி கேட்டு யாரும் வந்ததில்லை என்றார்.

"ஆனா நீங்க போன பொறவு ஒரு கூத்து நடந்துச்சு சார். மாசம் பொறந்தா மொதத் திங்கக்கிழமை, ஒரு அம்மா ஜன்னல்ல வந்து நிப்பாங்க. வெள்ளைச் சேலை. 'ரிக்கார்டு இருக்கா'ன்னு கேப்பாங்க. என்ன ரிக்கார்டும்மா, நம்பர் சொல்லுங்கன்னா, நம்பர் தெரியாதும்பாங்க. நீங்க சொன்னது ஞாபகம் வந்து, சாவி கேட்டு வந்தீங்களாம்மான்னுகூடக் கேட்டேன். சாவியெல்லாம் கெடச்சாச்சு, ரிக்கார்டைத்தான் பாக்கணும்னாங்க. கையில ஒரு தூக்குவாளி வேற. மூணு மாசம் விடாம வந்தாங்க சார்."

"வாளியில என்ன இருந்துச்சு?"

"அத எதுக்கு சார் நான் கேக்கேன்? நம்பர் இல்லாம ரிக்கார்டைப் பாக்க முடியாதும்மான்னு சொல்லி அனுப்பிட்டேன். முறைப்படி அதான சார்?"

"அதுதான்" என்றேன்.

வண்டி போகும் வரை கையை ஆட்டிக்கொண்டு நின்றேன். பிறகு அந்த பெஞ்சிலேயே உட்கார்ந்து, போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாரும் பார்க்க அழுதேன். மறுவாரம் லீவு போட்டுவிட்டு ஊருக்குப் போனேன். அதே நிறுத்தத்தில் இறங்கி, அதே வரப்பில் நடந்தேன். வீடு இருந்தது. நடு அறையில் பூட்டு இல்லை, கதவு விரியத் திறந்து கிடந்தது, உத்தரத்தில் ஒரு தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது. ஓர் இளம்பெண் வெளியே வந்தாள். அந்த அம்மாவைக் கேட்டேன். அவர் போய் நாலு வருஷம் ஆகிறது, தாங்கள் தூரத்துச் சொந்தம், வீடு இப்போது தங்களுக்கு என்றாள். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்க ஆரு?"

என் பெயரைச் சொல்ல வாயைத் திறந்தேன். அந்த வீட்டில் அந்தப் பெயர் யாருக்குத் தெரியும்?

"ரிக்கார்டு" என்றேன்.